தேய்ந்த கிளட்சு

இராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஈறாகப் பாலாற்றையொட்டியும் அதற்கு அணித்தாயும் தோல் பதனிடும் ஊர்கள் நிரையாக அமைந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. எனினும் தோலின் மணம் மாவட்ட எல்லையை அறியாது. இவ்வூர்களிற் பிறந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியைக் காணாதார் அரியர். ஆயினும், மோட்டார் வண்டியின் உள்ளே, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று, ஒரு காலத்தில் தோலே வண்டியை இழுத்தது என்பதனை நம்முள் எத்துணைப்பேர் அறிவர்? சென்ற கோடை விடுமுறை வரையில் யானும் அறியேன்.

ஆம்பூரில் என் தாய்மாமன் மோட்டார் பட்டறை ஒன்று வைத்திருக்கின்றார். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஜீப்புகள் பல அவரிடம் வரும். விடுமுறையில் அங்குத் தங்கியிருந்தபோது அவர் என்னை நோக்கி, "மாப்ளே, தொல்காப்பியம் படிச்சவன் கைக்கு ஸ்பானர் எட்டுமா பார்க்கலாம், வா" என்று நகையாடி அழைத்தார். ஐந்து வாரம் அவர்பாற் கற்றவற்றுள் ஒரு பகுதியையே ஈண்டு எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் அது மாணாக்கன் பிழையே, ஆசிரியன் பிழையன்று.

சொல்லைப்பற்றி முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் இவ்வுறுப்பினை 'உரசிணைப்பி' என்பர். பொருள் பொருந்திய சொல்லே. உரசி இணைப்பது என விரியும். ஆனால் பட்டறையில் அச்சொல்லை யான் கூறியபோது அங்கிருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஆதலின் அவர்கள் வழங்குமாறே 'கிளட்சு' என்று எழுதுகின்றேன். வழக்கும் செய்யுளும் ஆராய்ந்த நம் முன்னோர் இதனைக் குற்றமெனக் கொள்ளார் என்பது என் துணிபு.

கிளட்சின் தொழில் யாது? எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும், வண்டியோ ஒரு சமயம் நிற்கும், ஒரு சமயம் செல்லும். ஓடுவதனையும் நிற்பதனையும் திடீரெனப் பிணைத்தால் ஒன்று எஞ்சின் அவியும், அன்றி ஏதேனும் ஓர் உறுப்பு முறியும். எனவே முதலிற் சற்று வழுக்கி, பின்னர்ச் சிறிது சிறிதாகப் பற்றி, முடிவில் வழுக்காது இறுகுவதோர் இடைப்பொருள் வேண்டும். முன்னாளில் நம் தோல் மண்டிகளில் ஒரே நீண்ட தண்டு கூரையின்கீழ்ச் சுழல, அதனின்று தோற்பட்டைகள் இறங்கித் தோல் உருட்டும் மரப்பீப்பாய்களைச் சுழற்றின. ஒரு பீப்பாயை நிறுத்த வேண்டின் எஞ்சினை நிறுத்தார். பட்டையை ஒரு கோலால் தள்ளி, தண்டோடு பிணையாது வீணே சுழலும் பக்கத்துக் கப்பியின்மேல் ஏற்றுவர். மீண்டும் தள்ளினால் பட்டை சற்றே வழுக்கி, கிறீச்சிட்டு, பின் பற்றிக்கொள்ளும். பீப்பாய் மெல்லச் சுழலத் தொடங்கும். அக்கோலும் அப்பட்டையும் ஒரு கிளட்சே. நெல் அரைக்கும் ஆலைகளிலும் இம்முறையே இருந்தது.

அப்பட்டையைப் பேணும் முறையை மண்டியில் நெடுநாள் உழைத்த முதியவர் ஒருவர் எனக்கு விரித்துரைத்தார். மயிர் இருந்த பக்கம் கப்பியைத் தொடுமாறு பூட்டல் வேண்டும். உலர்ந்தால் ஆமணக்கெண்ணெயை அளவாகத் தடவல் வேண்டும். வழுக்குகின்றதென்று குங்கிலியத்தை அள்ளித் தூவுவது அறியாதார் செயல், ஏனெனில் அன்று பற்றும், சின்னாளில் பட்டையின் முகம் கண்ணாடிபோல் இறுகிப் பின் ஒருகாலும் பற்றாது. இதனைக் கேட்டபோது இஃது பழங்கதை என்று எண்ணினேன். பின்னர் ஜீப்பின் கிளட்சுத் தகட்டை யான் கையில் எடுத்தபோது, அவர் கூறிய கண்ணாடி முகத்தையே அதன்மேற் கண்டேன்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலும் பெரும்பாலானவற்றுள் தோலே இருந்தது. எஞ்சினின் பெரிய சக்கரத்துள் கூம்பு வடிவாகக் குடைந்த பள்ளம் ஒன்று; அதனுள் பொருந்தும் கூம்பு ஒன்று; கூம்பின்மேல் தோல் போர்த்து, செப்பு ஆணிகளால் தைத்திருப்பர். வில் ஒன்று கூம்பைப் பள்ளத்துள் அழுத்தும். மிதியை மிதித்தால் கூம்பு விலகும். ரோல்ஸ் ராய்ஸின் புகழ்பெற்ற வெள்ளிநிற வண்டியினும் இக்கூம்பே இருந்தது. 1908இல் வந்த போர்டின் 'டி' வண்டி இதற்கு விலக்கு. அதில் எண்ணெயில் நனைந்த எஃகுத் தகடுகள் பல இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலூரிலிருந்து குடியாத்தத்திற்கு வாரந்தோறும் சென்று சாலையோரத்தில் மருத்துவம் செய்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும், மாட்டுவண்டிக்குப்பின் பியூஜோ என்னும் பிரெஞ்சு மோட்டாரிற் சென்றனர். அக்காலத்து வண்டியோட்டி கிளட்சுக்குச் செய்த பணி, குதிரைக்குச் செய்யும் பணியை ஒத்தது. தோல் உலர்ந்தால் வண்டி துள்ளிக் குதிக்கும்; அப்போது இரவில் மிதியை ஒரு மரக்கட்டையால் அழுத்தி வைத்து, மாட்டின் கால் எலும்பினின்று எடுத்த எண்ணெயையேனும் ஆமணக்கெண்ணெயையேனும் தோலிற் பூசி ஊறவிடுவர். எண்ணெய் மிகுந்து வழுக்கினால் பெட்ரோலால் கழுவி, எண்ணெய் உறிஞ்சும் வெண்மண்ணைத் தூவுவர். வழியிடையே தோல் முற்றும் தேய்ந்துபோனால், மெல்லிய தகரத் துண்டுகளைத் தோலின் அடியிற் செருகி வீடு சேர்வதும் உண்டு.

தோல் மாற்றுவதில் ஒரு கணக்கு உளது. கூம்பின்மேற் போர்த்தும் தோலை நேரான வாராக வெட்டினால் ஒரு விளிம்பு இறுகும், மற்றொரு விளிம்பு தொளதொளக்கும். கூம்பினை விரித்தால் நேர்ப்பட்டை வாராது, வில்போல் வளைந்த பட்டையே வரும். கூம்பின் சரிவு 12½ பாகை என்றும், அகன்ற விளிம்பின் ஆரம் 7 அங்குலம் என்றும் கொள்வோம். 12½ பாகையின் சைன் 0.2164. ஏழினை இதனால் வகுக்க 32⅓ அங்குலம் வரும். அவ்வளவு நீளமுள்ள கயிற்றைத் தரையில் ஓர் ஆணியிற் கட்டி, மறுமுனையிற் சுண்ணக்கட்டி பிடித்துத் தோலின்மேல் வளைவு இழுத்தல் வேண்டும். அவ்வளைவின்மேல் அளந்து 44 அங்குல நீளம் வெட்டினால் கூம்பின் அகன்ற விளிம்பைச் சரியாகச் சுற்றும். பின்னர்த் தோலை நனைத்து, குறுகிய பக்கத்திலிருந்து இழுத்து ஏற்றி, ஆணித்தலை தோலின் முகத்திற்குக் கீழே தாழ்ந்திருக்குமாறு அடிப்பர். தாழாத ஆணி பள்ளத்தின் இரும்பைக் கீறிவிடும். இன்று தோற்கூம்பு தைப்போர் அரியர். எனினும் ஆம்பூரில் செருப்பின் மேற்பாகம் வெட்டுவோர் இக்கணக்கைக் கேட்டால் உடனே அறிந்துகொள்வர். யான் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கணக்கின்றிக் காகிதத்தைக் கூம்பிற் சுற்றி வெட்டி, என் 32⅓ அங்குலத்தை மூன்று நிமிடத்தில் கையால் எட்டினார்.

தோலின் குறை வெப்பம். உராய்வினாற் சூடு மிக, தோல் கருகிச் சுருங்கும். அதற்கு மாற்றினைத் தேடியவருள் தலையாயவர் ஹெர்பர்ட் புரூட் என்னும் ஆங்கிலேயர். குன்றுப் பாதையில் வண்டியோட்டிகள் பழைய பூட்சுகளைச் சக்கரத்தில் வைத்து அழுத்தித் தடை போடுவதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் எழுந்தது என்று கூறுவர். 1897இல் அவர் தொடங்கிய தொழிலே 'பெரோடோ' என உலகெங்கும் பரவியது. முதலிற் பருத்திப் பட்டை, பின்னர் பிசினோடு சேர்த்த கல்நார். தோல் ஒழிந்து கல்நார் வந்தது. சூட்டுக்கு அஞ்சாத பொருளைக் கண்டோமென்று மகிழ்ந்தவர், அதன் தூள் மனிதனின் நுரையீரலிற் புகுந்து, 20, 30 ஆண்டு கழித்துப் புற்றாகவும் மூச்சுத்தடையாகவும் வெளிப்படும் என்பதனை அன்று கருதவில்லை. இதனை மீண்டும் கூறுவேன்.

இனி ஜீப்பு. இரண்டாம் உலகப்போரில், 1941 முதலாக, மேடு பள்ளம் சேறு மணல் எனப் பாராது செல்லுமாறு அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியாரும் போர்டு கம்பெனியாரும் இலட்சக்கணக்கிற் செய்தது. நான்கு சக்கரத்திற்கும் எஞ்சினின் விசை செல்லும். 1940களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் இதனைப் பூட்டத் தொடங்கினர். அதன் வழிவந்த வண்டிகள் இன்றும் நம் மலைகளில் ஏறுகின்றன. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்வார்க்கு நல்ல சாலை உளது. ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையூர்கள் பலவற்றிற்கு நெடுங்காலம் அவ்வாறில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய சிறு குழந்தை ஒன்று, வழியின்மையால் மருத்துவமனைக்குக் காலத்திற் சேராது இறந்தது. அதன் உடலைத் தாய் கையிற் சுமந்து மலையேறிய செய்தியை நாம் யாவரும் படித்தோம். அத்தகைய பாதையில் ஜீப்பு ஒன்றின் கிளட்சு பற்றுகின்றதா வழுக்குகின்றதா என்பது சிறு வினா அன்று.

என் மாமன் பட்டறைக்கு வந்த ஜீப்பும் அம்மலையடிவாரத்ததே. அதன் உரிமையாளர் மூட்டை ஏற்றுவார், நோயாளரையும் ஏற்றுவார். வேறோரிடத்தில் புதிய தகடு போட்டு மூன்று வாரமே ஆயிற்று என்றார். செங்குத்தான ஒரு திருப்பத்தில், பிள்ளைப்பேற்று வலியுற்ற பெண்ணொருத்தி உள்ளே இருக்க, எஞ்சின் இரைந்ததேயன்றி வண்டி ஏறவில்லை. பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கு அரைகுறையாகப் பிடித்தது. பின்னே தொற்றி நின்ற சிறுவன் குதித்து ஒரு கல்லைச் சக்கரத்தின்கீழ் உருட்டினான். கட்டிலில் வைத்துத் தூக்கிச் சென்றே அப்பெண்ணைக் கீழே சேர்த்தனராம். தாயும் சேயும் நலம். "புதுப் பிளேட்டும் போச்சு, நாலாயிரமும் போச்சு" என்று அவர் கூறியபோது அவர் குரலிற் சினத்தைவிட நாணமே மிக்கிருந்தது.

மாமன் வண்டியை உடனே கழற்றவில்லை. இதுவே யான் கற்ற முதற் பாடம். கைப்பிரேக்கை இறுக இழுத்து, உயர்ந்த கியரில் இட்டு, எஞ்சினை மிதமாக ஓட்டி, மிதியை மெல்ல விட்டார். கிளட்சு நன்றாயின் எஞ்சின் அவிய வேண்டும். அவியவில்லை, ஆகவே வழுக்கல் உண்மை. அடுத்து மிதியை விரலால் அழுத்தினார். மிதி முதலில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் எதிர்ப்பின்றித் தாழ்தல் வேண்டும். இதனைப் 'பிளே' என்பர். தேயத் தேய இப்பிளே கூடும் என்றே யான் நினைத்தேன். உண்மை அதற்கு மாறானது. லைனிங் மெலிய, அழுத்துந்தகடு எஞ்சின் பக்கம் நகரும். அதனோடு பிணைந்த மூன்று விரல்களின் உள்முனை எதிர்ப்பக்கம் சாய்ந்து, விடுவிக்கும் பேரிங்கை நெருங்கும். இடைவெளி குன்றி, முடிவிற் பேரிங்கு விரல்களை எப்போதும் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஓட்டுநர் மிதியைத் தொடாவிடினும் தொட்டவாறே ஆகும். இணைப்புக் கம்பியின் மரையைச் சிறிது திருப்பினாலே தீரும் இக்குறைக்கு, முழுத் தகட்டையும் மாற்றிக் காசு பெறுவோர் உளர் என்று மாமன் கூறினார். இவ்வண்டியிற் பிளே சரியாகவே இருந்தது. பின்பு வண்டியின் அடியிற் படுத்து, கிளட்சு மூடியின் கீழுள்ள சிறு துளையை விரலால் தடவிக் காட்டினார். கரிய எண்ணெய்.

குறை தகட்டில் இல்லை. எஞ்சினின் பின்புறத்து எண்ணெய்த் தடுப்பு நைந்து, எண்ணெய் துளித்துளியாகப் புதிய லைனிங்கின்மேல் இறங்கியிருந்தது. பழைய தகடும் இதனாலேயே கெட்டிருக்கும். அதனை மாற்றியவர் ஏன் கெட்டதென்று பாராது மாற்றினர்.

கியர்ப்பெட்டியையும் அதனோடு சேர்ந்த துணைப்பெட்டியையும் இறக்குவது இருவர் தோள்வலி கொள்ளும் வேலை. அதனை விரித்து எழுதேன். கிளட்சு வெளிப்பட்டபின் செய்வனவே கருத்திற் கொள்ளத்தக்கன. மூடியையும் பெருஞ்சக்கரத்தையும் சேர்த்து ஒரு குறி வெட்டினார். மீண்டும் அவ்விடத்தே பூட்டாவிடின் எடை சமன் தவறி அதிரும். ஆணிகளை ஒன்றை முற்றும் கழற்றிப் பின் மற்றொன்று என்னாது, எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். உள்ளே வில்கள் அழுந்தியிருத்தலின், ஒருபுறம் மட்டும் விட்டால் மூடி கோணும்.

அப்போது பட்டறைச் சிறுவன் தூசியை ஊத வாயைக் குவித்தான். மாமன் அவன் வாயைக் கையாற் பொத்தியே விட்டார். பழைய லைனிங் பலவற்றுள் கல்நார் உளது. இதில் இல்லையென்று கண்ணாற் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. ஊதுதலும், காற்றுக்குழாயால் அடித்தலும், உலர்ந்த தூரிகையால் தட்டுதலும் ஆகா. நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியை ஈரத்தோடே பையிற் கட்டி அகற்றல் வேண்டும். "நான் இருபது வருஷம் ஊதினேன்" என்றார் மாமன். பின் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. படியேறும்போது அவர் ஈரிடத்தில் நிற்பதனை யான் முன்னரே கண்டிருந்தேன்; காரணம் இதுதானென்று கூற யான் மருத்துவன் அல்லேன்.

தகடு ஏறத்தாழ 8 அங்குல விட்டம்; இருபுறமும் எட்டிலோர் அங்குலக் கனத்தில் லைனிங். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலால் கழுவினாற் போதாதா என்று வினவினேன். தோலாயிற் போதும், பிசினிட்ட லைனிங்கோ எண்ணெயை உள்வாங்கிச் சூட்டில் அதனை மெருகாக்கிவிடும், கழுவினாலும் சூடேறியபின் மீண்டும் கசியும் என்றார். நடுவிலுள்ள எஃகும், அதிர்ச்சி தாங்கும் சிறு வில்களும், பற்கள் அமைந்த துளையும் நல்லனவாயிருந்தமையின், தகட்டை எறியாது லைனிங்கை மட்டும் மாற்றத் துணிந்தார். பழைய ரிவெட்டுகளை உளியால் வெட்டின் எஃகு வளையும். ஆதலின் தலையைத் துளைக்கருவியால் எடுத்துப் பின் தட்டி நீக்கினார். புதிய லைனிங்கை வைத்து, முதலில் நேரெதிரான இரண்டு, பின் அவற்றிற்குக் குறுக்கே இரண்டு எனப் பித்தளை ரிவெட்டுகளை அடித்தார். தலைகள் முகத்திற்கு ஒரு மில்லிமீட்டரேனும் தாழ்ந்திருந்தன. செப்பு ஆணி அடித்த தோற்கூம்பின் விதி இங்கும் மாறாதிருத்தல் காண்க. தகட்டைத் தண்டிற் செருகிச் சுழற்றி, விளிம்பு நெளியாமையைப் பார்த்தார்.

பெருஞ்சக்கரத்தின் முகத்தில் நீலப் புள்ளிகள் சில, சூடேறியதன் அடையாளம். நகத்தில் தட்டும் வெடிப்போ பள்ளமோ இருந்தால் கடைசலில் இட்டுச் சீவ வேண்டும். இதற்கு வேண்டியிராமையின் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்ததே போதுமாயிற்று. அழுத்துந்தகட்டின்மேல் நேர்கோல் வைத்து ஒளி கசிகின்றதா என நோக்கினார். மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் நின்றன. விடுவிக்கும் பேரிங்கைக் காதருகே சுழற்றினால் மணல் அரைவது போன்ற ஒலி, அதனை மாற்றினார். புதியதைப் பெட்ரோலிற் கழுவுதல் கூடாது, உள்ளே அடைத்த கிரீசு கரைந்துபோகும். எல்லாவற்றிற்கும் முன்பாக எண்ணெய்த் தடுப்பை மாற்றினார் என்பதனைக் கூறவும் வேண்டுமோ?

பூட்டுகையில் தகடு நடுவில் நிற்பதற்குப் பழைய கியர்த்தண்டு ஒன்றைச் செருகிவைத்து ஆணிகளை முடுக்கினார். கியர்ப்பெட்டியை ஏற்றும்போது அதன் சுமை தகட்டின்மேல் ஒரு கணமும் தொங்கலாகாது. தொங்கின் துளை வளைந்து, புதிய தகடும் விடாது பற்றி நிற்கும். பற்களில் கிரீசு மிகக் கொஞ்சம். மிகுந்தது லைனிங்கிற்கே போய்ச் சேரும்.

இந்நாளில் மணலிலும் காட்டிலும் ஓட்டும் சிறிய நாற்சக்கர வண்டிகளுட் பலவற்றில் கிளட்சு மிதியே இல்லை. வேகம் மிக, சுழலும் சிறு கட்டைகள் விலகி வெளிவட்டத்தைப் பற்றும். அன்றேல் இரு கூம்புக் கப்பிகளுக்கிடையே ரப்பர்ப் பட்டை ஒன்று தானே ஏறியிறங்கும். அப்பட்டையும் எண்ணெய்பட்டால் வழுக்கும். சூடேறினால் முகம் மெருகேறும். தோல் மண்டி முதியவரிடம் இதனைச் சொன்னேன். "பட்டை எதுவானாலும் புத்தி ஒண்ணுதான்" என்றார்.

மறுநாட் காலை, ஜீப்பின் உரிமையாளரை ஓட்டச்செய்து, மாமன் பக்கத்தில் அமர்ந்தார். யான் பின்னே ஏறினேன். ஒடுகத்தூர் கடந்து முதல் ஏற்றத்தில் அவர் வண்டியை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னார். மீண்டும் எடுக்கும்போது ஓட்டுநரின் இடக்கால் மிதியின்மேலேயே படுத்திருப்பதைக் கண்டு, "காலை எடுங்க அண்ணே, அது கால் வைக்கிற பலகை இல்லே" என்றார். அவர் எடுத்தார். சக்கரம் ஒருமுறை கல்லைச் சிதறவிட்டு, பின் பற்றி, வண்டி மேலேறியது. திருப்பத்தில் ஓரமாகப் பெரிய கல் ஒன்று கிடந்தது. அன்று சிறுவன் உருட்டிய கல் அதுவே என்று உரிமையாளர் காட்டினார்.